லைனிங் வைக்காத பை

ராசா,

கடுதாசி எழுதுறவங்க எல்லாம் "நலம், நலமறிய ஆவல்"ன்னு தொடங்குவாங்க. எனக்கு அதுல முதல் பாதி பொய், ரெண்டாவது பாதி மட்டும்தான் மெய். நீ எங்க இருக்கே, எப்படி இருக்கே, எதைத் தின்னுட்டுப் படுக்கிறே, ஒண்ணும் தெரியாது. விலாசம் தெரியாத மகனுக்கு எழுதுற முதல் தாய் நான் இல்லன்னும் தெரியும். யுத்தம் முடிஞ்சு போச்சுன்னு டவுன்ல வெடி கொளுத்தி சில மாசமாகுது. இப்ப பிள்ளைகளைக் காணாத பொம்பளைங்க கொஞ்சப் பேர் கொழும்புக்குப் போய் படத்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கப் போறாங்க. "உங்க மகனுக்குச் சொல்ல வேண்டியதை ஒரு கடுதாசியா எழுதிக் கொண்டு வாங்க, சத்தமா வாசிப்போம், யார் காதிலயாவது விழட்டும்"ன்னு எனக்கும் சொல்லி அனுப்பினாங்க. அதான் தையல் மெஷினை மூடிவச்சு, அது மேலயே பேப்பரை வச்சு எழுதுறேன். கண்ணு முன்ன மாதிரி இல்ல. ஊசியில நூல் கோக்க அப்பாவைக் கூப்பிட வேண்டியிருக்கு. எழுத்து கோணலா இருந்தா சிரிக்காதே. இல்ல, சிரிடா. நீ சிரிச்சா எனக்கு வேற என்ன வேணும்.

கேக்குறவங்களுக்கு உன்னைத் தெரியாதில்ல, அவங்களுக்காகவும் கொஞ்சம் சொல்றேன். மாத்தளைப் பக்கம் உக்குவளையில இருந்து மேல ஏறினா எங்க றப்பர் தோட்டம். லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, கடைசி அறை, கடைசிக் காம்பரா நம்மளுது. அப்பா பால் வெட்டுறவர். நான் லயத்துப் பொம்பளைங்களுக்கு ஜாக்கெட்டு, பிள்ளைகளுக்குச் சட்டைன்னு தைக்கிறவ. எங்களுக்கு நீ ஒரே பிள்ளை. படிச்சு முடிச்சிட்டுக் கொழும்புல புறக்கோட்டைப் பக்கம் ஒரு சாமான் கடையில வேலைக்கு நின்னே. மாசத்துக்கு ஒருக்கா வீட்டுக்கு வருவே. வரும்போது பருப்பு, வெங்காயம், கிழங்கு. போகும்போது பலாக்காய், மிளகு, நான் போட்டுக் குடுக்கிற ஊறுகாய். அவ்வளவுதான் உன் சரித்திரம். யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத பிள்ளைன்னு நான் சொன்னா, எந்தத் தாய்தான் அப்படிச் சொல்லமாட்டான்னு கேப்பாங்க. அதனால நான் அதைச் சொல்லல. உனக்கு இருந்த பைத்தியத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். அதைக் கேட்டா நீ யாருன்னு அவங்களுக்கே விளங்கிடும்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது பிடிச்ச பைத்தியம் அது. பள்ளிக்கூடத்துல சுற்றாடல் கழகம்னு ஒண்ணு. அதுல சேர்ந்துட்டு வந்து, "அம்மா, பூமிக்குக் காய்ச்சல்"ன்னே. நான் வெங்காயம் வெட்டிக்கிட்டு இருந்தேன். "அப்படியா? கொத்தமல்லி அவிச்சுத் தர்றேன், கொண்டு போய் பூமிக்குக் குடு"ன்னேன். பக்கத்துக் காம்பரா வரைக்கும் சிரிச்சாங்க. நீ சிரிக்கல. எரிக்கிற புகையெல்லாம் மேல போய்ப் போர்வை மாதிரி மூடிக்குது, சூடு வெளிய போக வழியில்ல, மழை மாசம் மாறுது, ஊத்து வத்துதுன்னு ஒண்ணு ஒண்ணா சொன்னே. எருமை மேல மழை பெஞ்ச மாதிரி நான் வெங்காயத்தை வெட்டினேன். ஆனா அப்பா கேட்டுக்கிட்டு இருந்தார். காலையில மழை பெஞ்சா பால்வெட்டு இல்ல, பால்வெட்டு இல்லேன்னா பேரு இல்ல, அன்னைக்குச் சம்பளம் இல்ல, அது அவருக்குத் தெரிஞ்ச கணக்கு. "பயல் சொல்றதுல என்னமோ இருக்குடி. இலை கொட்டுற மாசத்துல மரம் தளிர் விடுது. தளிர் விடுற மாசத்துல மழை ஊத்துது. மரத்துக்கே புத்தி குழம்பிப்போச்சு"ன்னார். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்துட்டா நான் என்ன செய்யிறது, சட்டியைத் தூக்கி அடுப்புல வச்சேன்.

முதல் சண்டை அடுப்புல வந்துச்சு. றப்பர் விறகு ஈரமா இருந்தா லேசுல பத்தாது. லயத்துல நாங்க எல்லாரும், சாமான் வாங்கின சிலிசிலி பேக்கை, அதான் அந்தப் பொலித்தீன் பையை, சுருட்டி அடுப்புல வச்சு ஒரு குச்சி கிழிப்போம். பத்திக்கும். அது எங்க அம்மா காலத்துல இல்லாத வசதி, நாங்க கண்டுபிடிச்சது. நீ வந்து கையைப் பிடிச்சே. "அம்மா, நீ அடுப்பு மூட்டல, விஷம் மூட்டுறே." எனக்கு வந்துச்சே கோபம்! "அப்படிங்களா தொரை? அப்ப நீங்களே உக்காந்து ஊதுங்க"ன்னு ஊதுகுழலைக் கையில குடுத்துட்டு எழும்பிட்டேன். ஊதினியேடா. கண்ணு மிளகாய்ப் பழமா சிவக்கிற வரைக்கும் ஊதினே. அப்பா அன்னைக்குத் தேத்தண்ணி இல்லாமலே வேலைக்குப் போனார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, விறகையெல்லாம் விரல் கனத்துக்குப் பிளந்து, அடுப்புக்கு மேல கம்பி கட்டி அடுக்கினே. புகையில காயட்டும்னே. ஏழு நாள், ஒரு கிழமை காய்ஞ்சதும் கற்பூரமாப் பத்துச்சு. உனக்கு முன்னால நான் அதைச் சொல்லல. உனக்கு இடம் குடுத்தா எங்க கொண்டுபோய் விடுவேன்னு எனக்குத் தெரியுமே.

விட்டியா? சோத்துப் பானைக்கு மூடி போட்டுத்தான் அவிக்கணும். கடலையை முதல் நாளே ஊறப்போடணும். அரிசி கழுவின தண்ணி மிளகுக் கொடிக்கு. ஸ்டேஷன்ல இருந்து தோட்டத்துக்குத் திரீவீல் பிடிக்காம நடந்துதான் வருவே. நாங்க தண்ணி பிடிக்கிற பீலிக்கு மேல, ஊத்து ஊறுற இடத்துல, மருதங்கன்று நட்டே. ஆடு தின்னுச்சு. திரும்ப நட்டே. திரும்பவும் தின்னுச்சு. "ஆட்டுக்குச் சாப்பாடு போட்ட புண்ணியம் உனக்கு"ன்னு கேலி பண்ணினேன். எல்லாத்துக்கும் மேல அந்த லைட்டு. லயத்துக்குக் கரண்டு வந்த நாள்ல இருந்து எனக்கு எல்லா பல்பும் எரியணும், அடுப்படியிலும் எரியணும், வாசல் திண்ணை, இஸ்தோப்பிலும் எரியணும். காலமெல்லாம் குப்பிலாம்புப் புகையில தச்சவ நான், ஆசை இருக்காதா? நீ பின்னாலயே வருவே. ஆளில்லாத இடத்துல பல்பு எரிஞ்சா டக்குன்னு அணைச்சிட்டு, "யாருக்கு எரியுது இது?"ன்னு கேப்பே. ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. "உங்க பாட்டனுக்கு எரியுது, போடா"ன்னு ஏசுவேன். நீ கொழும்புக்குப் போன பிறகும், மாசம் ஒருக்கா வந்து செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னால உன் கை அந்த சுவிச்சுக்குத்தான் போகும்.

சிலிசிலி பேக்கை நீ கையாலயும் தொடமாட்டே. கடையில வேலை பாக்கிறவன், கட்டுக் கட்டா அதை மத்தவங்களுக்குக் குடுக்கிறவன், தன் சாமானுக்கு மட்டும் நான் பழைய சீலையில தச்சுக் குடுத்த துணிப்பை. முதலாளி சிரிப்பாராம். சிரிக்கட்டும்பே. ஒரு தரம் உக்குவளை ஸ்டேஷன்ல அந்தப் பை அடி கிழிஞ்சு கிழங்கெல்லாம் உருண்டு தண்டவாளத்துக்குப் போயிடுச்சு. ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரர் பாவம்னு ஒரு சிலிசிலி பேக்கைக் கொண்டாந்து நீட்டினாராம். நீ வேணாம்னுட்டு, சட்டையைக் கழட்டி அதுல கிழங்கைக் கட்டிக்கிட்டு, வெறும் மேலோட மலையேறி வந்தே. லயமே வேடிக்கை பாத்துச்சு. "பூமிக்குக் காய்ச்சலு, இவருக்குச் சளி"ன்னு நான் தலையில துணியைப் போட்டுத் துவட்டினேன். அன்னைக்குத்தான் நினைச்சேன், இந்தப் பிடிவாதக்காரனுக்கு ஜென்மத்துக்கும் கிழியாத ஒரு பை தச்சுக் குடுக்கணும்னு. ஒரு தாய்க்கு அது பெரிய ஆசையா? சொல்லு.

சோமா அக்காவை உனக்குத் தெரியும், மத்தவங்களுக்குத் தெரியாது. தோட்டத்துக்குக் கீழ உள்ள சிங்களக் கிராமத்துல இருக்கா. ஈரப்பலா, வெத்தலை கொண்டு வந்து லயத்துல விப்பா. அவ உடுப்பெல்லாம் நான்தான் தைப்பேன். என்னை "நங்கி"ன்னுதான் கூப்பிடுவா, சிங்களத்துல தங்கச்சின்னு அர்த்தம். அவளுக்கும் ஒரே மகன், ஆர்மியில இருந்தான். லீவுல வந்தவன் கிழிஞ்சுபோன ஆர்மிக் கால்சட்டை ஒண்ணை வீட்டுல விட்டுட்டுப் போயிருந்தான். "நல்ல துணி நங்கி, இழுத்தாலும் கிழியாது, எதுக்காவது ஒட்டுப் போடு"ன்னு கொண்டு வந்து குடுத்தா. பச்சையும் மண் நிறமுமா திட்டுத் திட்டா இருக்குமே, அந்தத் துணி. அதைச் சாதாரண ஆளுங்க வச்சிருக்கக் கூடாதுன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பொம்பளைங்க ஒரு கந்தையைப் பத்திப் பேசினோம், அவ்வளவுதான். நான் கெட்டிக்காரின்னு நினைச்சேன். வெளிய பூப்போட்ட திரைச்சீலைத் துணி, உள்ளுக்கு லைனிங்கா அந்தத் துணி. ஓரம் கூட வெளிய தெரியாம மடிச்சு, இரட்டைத் தையல் போட்டேன். உன்கிட்டயும் காட்டினேன். நீ உள்ள தடவிப் பாத்துட்டு, "இது என்ன துணிம்மா?"ன்னே. "சோமா அக்கா தந்தது. உனக்கெதுக்கு, கிழியாது"ன்னேன். உனக்கு விளங்கிடுச்சு. பிறகு என் முகத்தைப் பாத்துட்டு, "நல்லா இருக்கும்மா"ன்னு எடுத்துக்கிட்டே. ஏன்டா எடுத்தே? வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாதா? எல்லாத்துக்கும் என்னோட சண்டை போடுவியே, அதுக்கு மட்டும் ஏன்டா போடல?

அந்தப் பையில மிளகையும் ஊறுகாயையும் வச்சுக் குடுத்து அனுப்பினேன். மேல் லயத்து ராஜம்மா, கொழும்புல வீட்டு வேலைக்கு நிக்கிற மகளைப் பாக்க, உன்னோட அதே பஸ்ஸுல வந்தா. கொழும்புக்குக் கிட்ட செக்பொயிண்ட்ல எல்லாரையும் இறக்கிச் சோதிச்சாங்களாம். அந்த நாள்ல விவரம் தெரிஞ்சவங்க எல்லாம் சிலிசிலி பேக்லதான் சாமான் கொண்டு போவாங்க. உள்ள இருக்கிறது வெளியவே தெரியும், நிமிஷத்துல விட்டுடுவாங்க. உன் பைக்குள்ள கையை விட்டவன் ரெண்டு துணியா இருக்குன்னு கண்டுக்கிட்டான். கத்தியால தையலைப் பிரிச்சான். ராஜம்மா சொன்னா, "அக்கா, அந்தத் துணியைப் பாத்ததும் அங்க நின்னவங்க முகமெல்லாம் மாறிப்போச்சு." சும்மா வெளிய தெரிஞ்சிருந்தாலாவது அறிவுகெட்டவன்னு அடிச்சு விட்டிருப்பாங்களோ என்னமோ. ஒளிச்சுத் தச்சிருந்தா, புலிக்குக் கொண்டு போறதுன்னுதானே அவங்களுக்கு அர்த்தம். "யார் தச்சது?"ன்னு கேட்டாங்களாம். நீ உடனே, "பேவ்மென்ட்ல வாங்கினேன்"னு சொன்னியாம். எந்த பேவ்மென்ட், எந்த ஆளுன்னு கேட்டதும் நீ தடுமாறினே. உனக்குப் பொய் சொல்லவும் வராதே. திரும்பத் திரும்பக் கேட்டாங்க. திரும்பத் திரும்ப பேவ்மென்ட்டுன்னே. "என் அம்மா தச்சது"ன்னு ஒரு வார்த்தை உன் வாயில வரல. பிறகு ஜீப்புல ஏத்திட்டாங்க. ஏறும்போது ராஜம்மாவைத் தெரியாத ஆள் மாதிரித்தான் பாத்தியாம், அவளும் மாட்டிக்கக் கூடாதுன்னு.

ராஜம்மா அடுத்த பஸ்ஸுலயே திரும்பி வந்து சொன்னா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அழுதுக்கிட்டே ஓடிப்போய், தச்சு மிஞ்சின துணித் துண்டையெல்லாம் பொறுக்கி அடுப்புல போட்டு எரிச்சேன். ஆர்மி வீட்டுக்கு வருவாங்க, கண்டா அப்பாவையும் பிடிச்சிக்கிட்டுப் போவாங்கன்னு பயம். நீ அடுக்கி வச்ச காய்ஞ்ச விறகு அப்படியே பத்திக்கிச்சு. அப்புறம் ஒரு வக்கீல், லோயர் ஐயா கேட்டார், "மிச்சத் துணி இருக்கா? இருந்தா அதையும் பையையும் சேர்த்துக் காட்டி, வீட்டுல தச்சதுதான்னு சொல்லலாம்"ன்னு. நான் தலையில அடிச்சிக்கிட்டு அவர் ஆபிஸ் வாசல்லயே உக்காந்துட்டேன்.

பொலிசுக்குப் போய், நான்தான் தச்சேன்னு சொன்னேன். "சரி, துணி ஏது?"ன்னு கேட்டார் அங்க இருந்தவர். சோமா அக்கா பேரைச் சொன்னா அவ மகன் தொலைஞ்சான். நீ என்னைச் சொல்லாம நின்ன மாதிரி நான் அவளைச் சொல்லாம நின்னேன். பெத்தவளுக்குப் பிள்ளை புத்திதான் வந்திருக்கு போல. அன்னைக்கே நேரா அவ வீட்டுக்குப் போனேன். "அக்கே, நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு, என் பிள்ளை வெளிய வந்துடுவான்"னு கும்பிட்டேன். அவ அடுப்படித் தரையில உக்காந்து தலையில கையை வச்சிக்கிட்டா. "நங்கி, என் மகன் சண்டை நடக்கிற இடத்துல இருக்கான். இதைச் சொன்னா அவனைக் கொண்டுபோய் அடைப்பாங்க. என்னால முடியாது நங்கி"ன்னு அழுதா. எனக்கு அவ அழுகை தெரியல. "உன் மகனுக்கு வேலை பெருசு, என் மகனுக்கு உசிரு பெருசு இல்லையா? நல்லா இருப்பியா நீ?"ன்னு வாயில வந்ததையெல்லாம் கத்திட்டு வந்தேன். அதுக்குப் பிறகு அவ லயத்துப் பக்கம் வெத்தலை கொண்டு வரல. வந்திருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

இப்ப உனக்கு ஒண்ணு சொல்லணும், கோபப்படாதே. அந்த நாள்ல நான் உன் பேச்சையெல்லாம் தூக்கி எறிஞ்சேன். ஆமா. துணிப்பைன்னு நீ பிடிச்ச பிடிவாதம்தானே உன்னைக் கொண்டு போச்சு? ஊரோட ஒத்து, எல்லாரையும் போல ஒரு சிலிசிலி பேக்கைத் தூக்கிட்டுப் போயிருந்தா, சாயங்காலம் கடையில இருந்து போன் பண்ணியிருப்பியே! அந்த ஆத்திரத்துல கடைக்குப் போனா சாமானுக்கு ஒரு பேக்குன்னு கேட்டு வாங்கினேன். எல்லாத்தையும் அடுப்புல வச்சுக் கொளுத்தினேன். பானையைத் திறந்து போட்டு அவிச்சேன். எல்லா லைட்டையும் போட்டேன். எரியட்டும், இந்த பூமி எரிஞ்சு சாம்பலாகட்டும், என் பிள்ளையை வச்சிக்கத் தெரியாத பூமிக்குக் காய்ச்சல் வந்தா எனக்கென்னன்னு கத்தினேன். அப்பாதான் நான் தூங்கின பிறகு எழும்பி, பானைக்கு மூடியைப் போட்டு வச்சிட்டுப் படுப்பார்.

அது எத்தனை நாள் ஓடுச்சோ. ஒருநாள் உக்குவளைக் கடையில சீனி வாங்கினேன். கடைக்காரர் சிலிசிலி பேக்கை உதறி விரிச்சார். "வேணாம்"னு சொல்லி என் கை சீலைத் தலைப்பை நீட்டுது. நான் நினைக்கல ராசா, சத்தியமா நான் நினைக்கல. வாய் தன்பாட்டுல சொல்லிடுச்சு. கேட்டா என் குரல் மாதிரியும் இல்ல, நீ சொல்ற மாதிரியே வெடுக்குன்னு இருந்துச்சு. அந்தக் கடை வாசல்லயே தலைப்புல சீனியைக் கட்டிக்கிட்டு நின்னு அழுதேன். உன் சட்டை துணிமணியெல்லாம் பெட்டியில இருக்கு. அதுல வாசனை கூட போயிடுச்சு. நீ பேசின பேச்சுத்தான் என்கிட்ட மிச்சம் இருக்கு. அதையும் நான் எரிச்சிட்டா எனக்கு என்ன இருக்கும்? அன்னைக்கு வந்து விறகைப் பிளந்து கம்பியில அடுக்கினேன்.

அதுக்குப் பிறகுதான் சோமா அக்கா வீட்டுக்கு அவ மகனோட சவப்பெட்டி வந்துச்சு. மூடி ஆணி அடிச்ச பெட்டி, திறக்க வேணாம்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. துக்கத்துக்குக் கிராமமெல்லாம் வெள்ளைக்கொடி கட்டினாங்க, மேல இருந்து பாத்தா தெரிஞ்சுது. நான் போகல. நல்லா இருப்பியான்னு கேட்ட வாயோட எப்படிப் போறது? காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு காலையில அவளே ஏறி வந்தா. வெள்ளைச் சீலை, காலெல்லாம் மண்ணு. இஸ்தோப்புல நின்னுக்கிட்டு, "நங்கி, இனி நான் யாருக்காகப் பயப்படணும்? வா, போய்ச் சொல்லுவோம்"னா. நான் அவளைக் கட்டிப் பிடிச்சேன். ரெண்டு பேரும் அழுத அழுகையில லயத்து நாய் கூட குரைக்காம நின்னுச்சு.

போனோம். மாத்தளைக்குப் போனோம், கண்டிக்குப் போனோம், கொழும்புக்கும் போனோம். ஆர்மிக்காரனைப் பெத்தவன்னு தெரிஞ்சதும் போற இடமெல்லாம் எழும்பி நின்னு அவளுக்குக் கதிரை குடுத்தாங்க. அவ உக்காரமாட்டா. நின்னுக்கிட்டே சிங்களத்துல சொல்லுவா, "அந்தத் துணி என் மகனோடது. நான்தான் குடுத்தேன், இவதான் தச்சா. இந்தப் பிள்ளை ஒரு குத்தமும் செய்யல. என்னைப் பிடிச்சு உள்ள போட்டுட்டு அவனை விடுங்க." பொறுமையா கேப்பாங்க. பிறகு தலையை ஆட்டுவாங்க. அப்படி ஒரு ஆளை இங்க கொண்டு வரவே இல்லயேம்மா, வேற எங்காவது பாருங்க. எல்லா இடத்துலயும் அதே பேச்சுத்தான். யாரும் சொல்லமாட்டேன்னு இருந்த உண்மையைச் சொல்ல ஆள் வந்தப்ப, அதைக் கேட்டு விடுதலை பண்ண அங்க நீ இல்ல. திரும்பி வர்ற பஸ்ஸுல சோமா அக்கா என் கையைப் பிடிச்சிக்கிட்டு, "நான் அன்னைக்கே வந்திருக்கணும் நங்கி"ன்னா. அவ இடத்துல நான் இருந்தா நானும் வந்திருக்க மாட்டேன். அதையே சொன்னேன்.

வெளிய வந்தா நீ கேப்பே, "நான் சொன்னதையெல்லாம் செய்றியா?"ன்னு. அதனால சொல்லி வைக்கிறேன். அடுப்புல பொலித்தீன் போடறதில்ல. நான் மட்டும் இல்ல, இந்த லயத்துல பாதிப் பேரு விட்டாச்சு. மிச்சம் பாதியோட தினமும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன், என் வாய் சும்மா இருக்குமா. கடலை முதல் நாளே ஊறுது. பீலிக்கு மேல நானும் சோமா அக்காவும் மருதங்கன்று நட்டு, முள்ளுக்கம்பி சுத்திக் கட்டியிருக்கோம், ஆட்டுக்குப் பெப்பே. தண்ணி கூடிடுச்சான்னு கேக்காதே. கூடல. சித்திரையில நூல் மாதிரித்தான் விழுந்துச்சு. மரம் வளர்ந்து நிழல் தர்ற வரைக்கும் பொறுக்கணும்னு நீதானே சொன்னே. பொறுக்கிறது எனக்கு இப்ப பழகிப்போச்சு. கொழும்புல இருந்து வந்தா எவ்வளவு மூட்டை இருந்தாலும் ஸ்டேஷன்ல இருந்து நடைதான். வயசான காலுக்கு நோகுது, ஏசிக்கிட்டே ஏறுறேன்.

பையும் தைக்கிறேன். லயத்துக்கு, கீழ கிராமத்துக்கு, யார் கேட்டாலும். சோமா அக்கா பழைய சீலை சேர்த்துக்கிட்டு வருவா. ஆனா லைனிங் வைக்கிறதில்ல ராசா. ஒத்தைத் துணிதான். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா உள்ள என்ன இருக்குன்னு தெரியிற மெல்லிசுத் துணி. கிழங்கு போட்டா கிழியுதுன்னு வந்து குறை சொல்லுவாங்க. கொண்டாங்க, திரும்பத் தச்சுத் தர்றேன்பேன். எத்தனை தரம் கிழிஞ்சாலும் தச்சுத் தர்றேன், இந்தக் கையால இனி யாருக்கும் உள்ளுக்கு ஒண்ணு வச்சுத் தைக்கமாட்டேன். வாங்கிட்டுப் போற பிள்ளைங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுவேன், "யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லு, லயத்துக் கடைசிக் காம்பராவுல தச்சதுன்னு சொல்லு." அதுங்க விளங்காம சிரிச்சிட்டு ஓடும்.

நீ சொன்னதுல ஒண்ணை மட்டும் நான் செய்றதில்ல. மறைக்காம சொல்லிடுறேன். உள்ள எல்லா லைட்டையும் அணைச்சிடுவேன். தைக்கிற இடத்துல ஒண்ணு, தச்சு முடிஞ்சா அதுவும் இல்ல. ஆனா இஸ்தோப்பு பல்பு விடியிற வரைக்கும் எரியுது. லயத்துக்கு ஏறி வர்ற வளைவுல திரும்பும்போதே தெரியும். முதல்ல அப்பா எழும்பி வந்து அணைப்பார், நான் போடுவேன். ஒருநாள் சுவிச்சுல கையை வச்சிக்கிட்டு, "அவன் பாத்தா ஏசுவான்டி"ன்னார். "ஏசட்டும். அவன் வந்து ஏசணும்னுதான் போட்டு வச்சிருக்கேன்"னேன். கையை எடுத்துட்டார். அதுக்குப் பிறகு பல்பு போச்சுன்னா அவரே புதுசு வாங்கி மாட்டுறார். ஆளில்லாத இடத்துல வீணா எரியுது, பூமிக்குக் கெடுதல், எல்லாம் எனக்குத் தெரியுதுடா. இந்த ஒண்ணுக்கு மட்டும் பூமி என்னைப் பொறுத்துக்கட்டும்.

யாருக்கு எரியுது இதுன்னு கேப்பியே, ராசா. உனக்குத்தான்டா எரியுது. வந்து, செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னால, உன் கையாலயே அணைச்சிடு.

அம்மா